கண்டியில் வீட்டைக் கெட்டிக்காரனாக்குவது எப்படி?

முதலில் ஒரு பல்ப் வாங்குங்கள். பொருட்களின் இணையத்துக்குள் எல்லோரும் அந்த வாசலால்தான் நுழைகிறார்கள். பெட்டியில் 1 கோடியே 60 இலட்சம் நிறம் காட்டும் என்று போட்டிருக்கும். கண்டியில் அவற்றில் மூன்றுதான் செலவாகும்: வருடம் முழுக்க வெள்ளை, வெசாக் வாரத்தில் சிவப்பும் நீலமும். கைபேசியில் செயலியை இறக்கி, கணக்குத் திறந்து, மின்னஞ்சலை உறுதிப்படுத்தி, பல்பை ஐந்து தடவை அணைத்து அணைத்துப் போட்டால் அது மினுங்கத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து யாராவது பழக்கதோஷத்தில் சுவர்ச் சுவிட்சைத் தட்டி அணைத்துவிடுவார்கள். கரண்ட் இல்லாத பல்ப் யார் சொன்னாலும் கேட்காது. ஆகவே சுவிட்சின் மேல் டேப் ஒட்டி "தொடாதே" என்று எழுதி வையுங்கள். கையை நீட்டினால் எரிந்த விளக்கை, கைபேசி எங்கே என்று தேடிப் பிடித்து எரிய வைக்கும் நிலைக்கு நீங்கள் உயர்ந்துவிட்டீர்கள். வாழ்த்துகள்.

பல்ப் சரிவராவிட்டால் ஸ்மார்ட் சுவிட்சுக்கு மாறலாம். இதற்கு வயரிங் பாஸ் ஒருவரைக் கூப்பிட வேண்டும். கட்டுக்கலையிலோ மகியாவையிலோ நாற்பது ஐம்பது வருடம் பழைய வீடாக இருந்தால், அவர் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நியூட்ரல் வயர் இங்க வரல்லையே" என்பார். சுவிட்ச் தானே விழித்திருக்க வேண்டுமென்றால் அதற்கும் ஓயாமல் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். அதற்குப் பெரும்பாலும் நியூட்ரல் வேண்டும். பழைய வயரிங்கில் நியூட்ரல் நேரே விளக்குக்குப் போய்விடும், சுவிட்சுக்கு வராது. சுவரை வெட்ட வேண்டும். ஸ்மார்ட் பிளக் வாங்கியவர்களுக்கு வேறு கதை. அதன் கால் மூன்றும் சதுரம், 13 அம்பியர். உங்கள் சுவரில் இருப்பது வட்டத் துளை. இடையில் ஒரு அடாப்டர், அதன் மேல் பிளக், அதன் மேல் ரைஸ் குக்கர் என்று அடுக்கிவிட்டு, தீயணைப்புப் படையின் இலக்கத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வெப்பநிலையைத் தானே பழகிக்கொள்ளும் தெர்மோஸ்டாட் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். நெஸ்ட் நிறுவனம் 2011இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அமெரிக்கக் குளிர்காலத்தை நினைத்துச் செய்தது. கண்டியில் வருடச் சராசரி 24, 25 பாகை. வாங்கிச் சுவரில் மாட்டினால் அது முதல் கிழமையே பாடம் முழுவதையும் படித்து முடித்துவிட்டு, மிச்ச ஆயுளைச் சும்மா கழிக்கும். காற்றின் தரம் பார்க்கும் கருவியும் அப்படித்தான். நகரம் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருப்பதால் பஸ் புகை மேலே கிளம்ப வழியில்லாமல் தேங்கி நிற்கிறது. குட் ஷெட் பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நின்ற எந்தக் கைக்குட்டையும் அதைச் சொல்லும்.

கமெரா அப்படியல்ல, அது தொழில்நுட்பத்தின் உச்சம். உடவத்தைக் காட்டை ஒட்டிய வீடு என்றால் கட்டாயம் பொருத்துங்கள். அசைவு தெரிந்தால் கைபேசிக்குச் செய்தி வரும். காலை ஆறு மணிக்கு முதல் குரங்கு, ஆறரைக்கு அதன் குடும்பம், ஏழுக்கு உங்கள் கொய்யா மரத்தில் மாநாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு "டிங்". வீடியோ எல்லாம் எங்கோ தூரத்துச் சேவையகத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். மாதம் பாதி போகுமுன் டேட்டா பெக்கேஜ் முடியும். பிறகு பிள்ளையின் ஒன்லைன் வகுப்பு நின்றுபோகும், குரங்குகளின் பதிவு மட்டும் பத்திரமாக இருக்கும்.

கடவுச்சொல்லை மாற்றவே மாற்றாதீர்கள். பெட்டியில் வந்த "அட்மின்" அப்படியே இருக்கட்டும், ஞாபகம் வைக்க லேசு. உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் இப்படியே விட்டதால்தான் 2016இல் மிராய் என்ற தீநிரலுக்கு வேலை சுலபமாயிற்று. அது கையில் வைத்திருந்தது தொழிற்சாலையில் இடப்பட்ட அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் சோடிகள்தான். அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே கமெராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துப் படை சேர்த்தது. அந்த வருடம் ஒக்டோபர் 21ஆந் திகதி இணையத்தளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனத்தை அப்படை மொய்த்ததில், அமெரிக்காவில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. உங்கள் கொய்யா மரத்துக் கமெராவும் உலக வரலாற்றில் பங்கெடுக்கலாம்.

இனி மின்சாரம். இந்த வழிகாட்டிகளை எழுதும் வெளிநாட்டவர்கள் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய நாடு இது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்கட்டமைப்பில் தொட்டதால் நாடே இருண்டது என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். பாணந்துறைக்குக் குரங்கு ஒன்று. உங்கள் கூரையிலோ ஒரு கூட்டம். ஆகவே ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள். (இது மட்டும் கிண்டல் இல்லை.)

இடி இன்னொரு விஷயம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தானை மலைப் பக்கம் கறுத்தால் வீட்டில் பெரியவர் யாராவது எழும்பிவிடுவார். "இடி முழங்குது, எல்லாத்தையும் கழட்டுங்க!" ரவுட்டர், டிவி, பிரிட்ஜ், நீங்கள் மூன்று சனிக்கிழமை செலவழித்துப் பொருத்திய மையக் கருவி எல்லாமே ஒரு கையால் பிடுங்கப்படும். மறுத்துப் பேசாதீர்கள். ஒரு முறை மின்னல் விழுந்து ட்ரிப் சுவிட்ச் விழாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், செயலிக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே நன்றாக வேலைசெய்யும் முன்னெச்சரிக்கைத் தொகுதி அவர்தான்.

இவ்வளவும் எப்படி வந்து நம் தலையில் விழுந்தது? 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் கோக் இயந்திரத்தில் போத்தல் இருக்கிறதா, குளிர்ந்துவிட்டதா என்று கணினியிலிருந்தே பார்க்க வழி செய்தார்கள். மாடிப்படி இறங்கச் சோம்பல், வேறு காரணம் இல்லை. 1999இல் பிரித்தானியரான கெவின் ஆஷ்டன், கடையில் எந்த உதட்டுச்சாயம் தீர்ந்துவிட்டது என்று பொருளே சொல்ல வேண்டும் என்ற யோசனையை விற்கப் போய் "பொருட்களின் இணையம்" என்ற பெயரை வைத்தார். அதன் பின் விலைதான் வேலையைச் செய்தது. 2014இல் சீனாவின் எஸ்பிரசிஃப் நிறுவனம் விட்ட ஈஎஸ்பி8266 என்ற சில்லில் வைஃபையும் கணினியும் சேர்ந்தே இருந்தன. இன்று அது பொருத்திய பலகை ஒன்றைப் பிரியாணிப் பார்சல் விலையைச் சுற்றி வாங்கலாம். இத்தனை கருவிக்கும் முகவரி வேண்டுமே. பழைய இணைய முகவரி முறையில் 430 கோடி முகவரிதான். ஆசிய பசிபிக் வலயத்தின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே அடி தட்டிவிட்டது. புதிய முறையான ஐபிவி6 வந்த பிறகு ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு முகவரி கொடுத்தாலும் தீராது. கொடுக்க வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்தது, கருவிகள் செய்தி பரிமாறும் எம்கியூடிடி என்ற முறை. அதுவும் 1999தான். ஆளில்லாத இடங்களில் ஓடும் எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியே கண்காணிப்பதற்காக எழுதியது. இணைப்புக்குக் காசு அதிகம், அடிக்கடி அறும், மின்கலம் சின்னது. அதனால் செய்திகளும் பொடிப்பொடியாக இருக்கும். அதில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கருவியும் இணையும்போதே தன் மரண சாசனத்தை நடுவிலுள்ள சேவையகத்திடம் கொடுத்துவிடலாம். கருவி திடீரென்று பேச்சை நிறுத்தினால், "இது செத்துவிட்டது" என்று சேவையகம் எல்லோருக்கும் அறிவிக்கும். இதை மறந்துவிடாதீர்கள், கீழே தேவைப்படும்.

இப்போது உண்மையிலேயே பயன்படும் ஒன்றைச் செய்வோம்: தண்ணீர் டாங்கி. மேட்டு வீதிகளில் பைப்பில் தண்ணீர் வரும் நேரத்துக்கு மோட்டாரைப் போட வேண்டும், நிரம்பியதும் நிறுத்த வேண்டும். இன்றுள்ள தொழில்நுட்பம், பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் "டாங்கி வழியுதுங்க!" என்று கத்துவது. அதற்குப் பதிலாக மீயொலி உணரி ஒன்றை டாங்கி மூடியில் கீழ்நோக்கிப் பொருத்துங்கள். அது காதுக்குக் கேட்காத ஒலியை விட்டு, நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை எண்ணும். நீர் ஒரு மீற்றர் கீழே இருந்தால் போய்வர ஆறு மில்லிசெக்கனுக்குச் சற்றுக் குறைவாகும். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டும் இரண்டு கண் வைத்த மலிவு உணரி வேண்டாம். மூடியின் அடியில் கோத்து நிற்கும் ஈரத்தில் அது துருப்பிடித்துவிடும். நீர் புகாத, வயர் நீண்ட வகை வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: நீர் 20 சென்ரிமீற்றருக்குள் வந்தால் அதற்குக் கண் தெரியாது. அதாவது டாங்கி நிரம்பும் அந்த முக்கிய நேரத்தில்தான் உளறும். மூடிக்கு மேலே ஒரு குழாய்த் துண்டை வைத்து உணரியை உயர்த்திவிட்டால் சரி. தெரியாவிட்டால் பேராதனைப் பொறியியற் பீட மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். சாப்பாடு போட்டால் போதும். அக்காவுடன் உறவை மட்டும் முறித்துக்கொள்ளாதீர்கள், கரண்ட் இல்லாத நாளில் அவர்தான் உணரி.

கண்டியில் இணைக்கத் தகுந்த இன்னொரு பொருள் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. அது பின்பக்கத்து மலை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயின. பல இடங்களில் கரண்டும் போனது, தொலைபேசியும் போனது. எச்சரிக்கை வர வேண்டிய கம்பியும் கோபுரமும் அந்த மழையிலேயே செயலிழந்தன. இதற்குப் பின்னும் நிறம் மாறும் பல்ப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டில் தானியங்கி மழைமானிகளை வைத்திருக்கிறது. இத்தகைய மானிகளில் பரவலானது உள்ளே சாய்ந்தாடும் இரட்டைக் கரண்டி உள்ள வகை. ஒரு பக்கம் நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், மறுபக்கம் நிமிரும். பல மானிகளில் ஒரு சாய்வு என்பது 0.2 மில்லிமீற்றர் மழை. சாயும்போதெல்லாம் ஒரு காந்தம் சின்னச் சுவிட்சைத் தட்ட, அது ஓர் எண்ணாகப் போய்ச் சேரும். நிறுவனம் மக்களுக்குச் சொல்லி வரும் கணக்கு இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இரு, 100 ஆனால் மூட்டையைக் கட்டு, 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறு. 150 மில்லிமீற்றர் என்பது அந்தக் கரண்டி 750 தடவை சாய்வது. கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

அனுப்புவதற்கும் வழி உண்டு. லோரா என்ற வானொலி முறை பிரெஞ்சு மலையோர நகரமான கிரனோபிளில் பிறந்தது. பேசுவது மெதுவாக, மிகக் கொஞ்சமாக. ஆனால் இடையில் மலை மறைக்காவிட்டால் சின்ன மின்கலத்திலேயே பல கிலோமீற்றர் எட்டும். கீழே பள்ளத்தில் வைத்தால் ஒன்றும் கேட்காது. அந்தானை போன்ற உச்சியில் ஒரு வாங்கி, சூரியப் பலகை, பற்றரி என்று வைத்தால் கீழுள்ள தோட்டங்கள் பலவற்றின் மழைமானிகளைக் கேட்கலாம். பிறகு அந்த மரண சாசனம்: மானியிலிருந்து எண் வராவிட்டால் மழை இல்லை என்று எடுக்கக் கூடாது, ஆபத்து என்று எடுக்க வேண்டும். இந்த ஒரு விதியை எழுதாத எந்த முன்னெச்சரிக்கைத் தொகுதியும் விளையாட்டுச் சாமான்தான்.

ஆனால் கருவி சொன்னால் மட்டும் போதாது என்பதை மீரியபெத்தை காட்டியது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தையில் லயன்களின் மேல் மலை விழுந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லியாகிவிட்டது. வெளியேறிப் போய் இருக்க ஒரு வீடுதான் யாரும் கொடுக்கவில்லை. வாங்கும் பட்டியலில் அதையும் சேர்க்க வேண்டியவர்கள் அரசாங்கமும் தோட்டக் கம்பனிகளும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள போத்தலின் தலையை வெட்டி, அடியில் சமமாகச் சீமெந்து இட்டு, அது காய்ந்த பிறகு அந்த மட்டத்திலிருந்து வெளியே மில்லிமீற்றர் கோடு போட்டு, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் கட்டி வையுங்கள். மழை நாளில் இரவும் எழும்பிப் பாருங்கள். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், இல்லாத இடத்தில் ஊற்று, ஊற்றில் சேற்றுத் தண்ணீர், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கோடு எதைக் காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். எங்கே போவது, கிழவரை யார் தூக்குவது என்று வெயில் நாளிலேயே பேசி வையுங்கள். உங்கள் பகுதிக்கான எச்சரிக்கை தமிழிலும் வருகிறதா என்று கிராம அலுவலரிடம் இப்போதே கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. சுவிட்சில் ஒட்டிய அந்த டேப்பைக் கழற்றிவிட்டு, அந்த இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள்.