அஜந்தாவில் பேர் போட்டவர்கள்

புத்தர் கண்ணை மூடிக்கொண்டது நல்லதாய்ப் போயிற்று. அஜந்தாவின் 26-ஆம் குகையில் சுமார் 7 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்து கிடக்கிறார், பரிநிர்வாணம். கீழே சீடர்கள் வரிசையாக அழுகிறார்கள். அந்த அழுகைக்கு முன்னால் ஒரு தொந்திக்காரர் அதே தினுசில் தலைக்குக் கை கொடுத்துச் சாய்கிறார். மனைவி படம் எடுக்கிறார். சாவு வீட்டுக்குப் போய்ப் பிணத்தைப் போல் படுத்துக்காட்டுகிற நாகரிகத்தை இங்கேதான் பார்த்தேன்.

இவராவது கல்லைத் தொடவில்லை. சாவியோடு வந்து கல்லில் பேர் கீறுகிறவர்கள் வேறு ரகம். காதலி பேர், நடுவில் ஒரு இதயம், அதைத் துளைக்கும் அம்பு. புராதனச் சின்னத்தைச் சிதைத்தால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2010-இல் சட்டத்தைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். சட்டம் டெல்லியில் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் இந்தக் கலையின் ஆசான் வெள்ளைக்காரர். மதராஸ் படையின் ஜான் ஸ்மித், 1819 ஏப்ரலில் புலி வேட்டைக்கு வந்த இடத்தில் 10-ஆம் குகைக்குள் நுழைந்தார். அக்கம்பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்த குகைதான். துரை பார்த்ததும் 'கண்டுபிடிப்பு' ஆகிவிட்டது! தூணில் இருந்த போதிசத்துவர் ஓவியத்தின் மேலேயே பேரையும் தேதியையும் கீறினார். அன்று குகைக்குள் குப்பையும் மண்ணும் மேடிட்டிருந்தன. அதன்மேல் நின்று கீறியதால் பேர் இன்று நம் தலைக்கு மேலே நிற்கிறது. வழிகாட்டி அதற்கு டார்ச் அடித்துக் காட்டுகிறார். ஜனம் அண்ணாந்து பார்த்து வியக்கிறது. கீறலுக்குக் கீழே கிடக்கும் போதிசத்துவரை யாரும் கேட்பதில்லை.

பிறகு வந்த அக்கறையும் லேசுப்பட்டதல்ல. ராபர்ட் கில் என்ற ஓவியர் குகை ஓவியங்களைப் பார்த்து வருஷக்கணக்கில் வரைந்த நகல்களை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1866-இல் பிடித்த தீயில் பெரும்பாலும் சாம்பல். கிரிஃபித்ஸ் என்ற இன்னொரு ஓவியர் மறுபடி நகலெடுத்தார். அவற்றிலும் பல 1885-இல் லண்டனிலேயே எரிந்தன. 1920-களில் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்தது. காப்பாற்றுவதாகச் சொல்லி அவர்கள் பூசிய வார்னிஷ் மஞ்சளித்து, ஓவியத்தின் நிறத்தையே மாற்றிவிட்டது. சாவிக்காரன் கெடுத்தால் குற்றம். நிபுணர் கெடுத்தால் பராமரிப்பு.

ஆகவே சாவித் தம்பிகளே, அம்பையும் இதயத்தையும் விட்டுத்தள்ளுங்கள். ஊர், உத்தியோகம், தேதி மூன்றையும் தெளிவாகக் கீறுங்கள். இன்னும் 200 வருஷத்தில் உங்களுக்கும் டார்ச் அடிப்பார்கள்.