அரளி வேலிக்குள் ஓர் ஆமை

அப்பத்தாவின் கொல்லையில் பெயர் இல்லாத செடி கிடையாது. அருகு, நெருஞ்சி, துத்தி, மூக்கிரட்டை, பருப்புக்கீரை என்று காலில் மிதிபடுவதற்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். தெரியாத ஒன்றைக் கண்டால் கிள்ளுவாள், கசக்கி மோந்து பார்ப்பாள், தண்டில் பால் வடிகிறதா என்று பார்ப்பாள். "ஆடு மோந்துட்டு வெலகுச்சுன்னா நீயும் வெலகிக்கத்தா" என்பாள். அந்தச் சிவகங்கைப் பக்கத்து முள்காட்டில் மழை பெய்த மறுநாள் நட்சத்திர ஆமைகள் எதிர்ப்படும். எதைத் தின்னலாம் என்று அவற்றுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இன்று நான் அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரத்தில் இருக்கிறேன். என் வீட்டுக் கொல்லையில் ஒரு பாலைவன ஆமை வாழ்கிறது. இந்தியாவில் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். 2019-இல் அதன் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டது. இங்கேயும் காட்டு ஆமையைத் தொட்டு எடுக்கக் கூடாது. ஆனால் ஏற்கெனவே மனிதரிடம் வளர்ந்த ஆமைகளை மாநில வனவிலங்குத் துறையே தத்துக் கொடுக்கிறது. அவற்றைத் திரும்பக் காட்டில் விட்டால் அங்குள்ளவற்றுக்கு நோய் பரவக்கூடும் என்பதால் இந்த ஏற்பாடு. தத்தெடுப்பவர் வெயிலுக்கும் குளிருக்கும் ஒதுங்க வளை அமைத்து, உறுதியான வேலி போட்டிருக்க வேண்டும்.

வேலி போட்ட பிறகு பொறுப்பு நம்முடையதாகிறது. காட்டில் ஆமை பரந்த இடத்தில் தேடித் தின்னும். கொல்லையில் நாம் விட்டுவைத்ததுதான் அதற்கு உணவு.

அப்பத்தாவின் செடிகளில் பாதி இங்கேயும் முளைக்கின்றன. அருகம்புல் இந்த ஊர்ப் புல்வெளிகளில் நிறைந்திருக்கிறது. நார்ச்சத்துள்ள அது ஆமைக்கு நல்ல மேய்ச்சல். துத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆரஞ்சு நிறப் பூ பூக்கும் பாலைவனச் செடியை என் ஆமை ஆசையாகத் தின்கிறது. சப்பாத்திக்கள்ளியின் பழமும் இளமடலும் அப்படியே. நெருஞ்சியை மட்டும் காய் முற்றுமுன் வேரோடு எடுத்துவிடுகிறேன்.

பருப்புக்கீரையில்தான் கவனம் வேண்டும். அதனருகிலேயே அம்மான் பச்சரிசி இனத்துச் செடியொன்று தரையோடு படர்கிறது. மேலிருந்து எடுத்த படத்தை வைத்துக் கைபேசிச் செயலி இரண்டையும் குழப்புகிறது. தண்டைக் கிள்ளினால் போதும்: பருப்புக்கீரை தடித்துச் சதைப்பற்றோடு இருக்கும், மற்றது மெலிந்து, பால் வடிக்கும். என் மகளுக்கு இதை அப்பத்தாவின் முறையில்தான் கற்றுத் தந்தேன். ஆனால் அப்பத்தா சொல்லாத ஒன்றும் உண்டு. நாம் கடைந்து சாப்பிடும் அந்தக் கீரையில் ஆக்சலேட் அதிகம். ஓடு வளரத் தேவையான கால்சியத்தை அது பிணைத்துவிடும் என்பதால் ஆமைக்கு எப்போதாவது கொஞ்சம்தான். செடியின் பெயரைப் பாட்டியிடம் கேட்கலாம். ஆமைக்கு ஆகுமா என்பதை ஆமை தெரிந்த மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஃபீனிக்ஸில் நச்சுச் செடிகளுக்கும் குறைவில்லை. பார்த்த இடமெல்லாம் அரளி வேலி. உண்ணிச்செடியை அலங்காரத்துக்கென்றே நடுகிறார்கள். அரளியின் இலை காய்ந்தாலும் நச்சு போகாது. பக்கத்து வீட்டிலிருந்து காற்றில் வந்து விழுவதையும் பொறுக்க வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் வேம்பென்று மகிழ்ந்துபோகும் மரம் பெரும்பாலும் மலைவேம்பாக இருக்கும். அதன் இலை கிளைத்துக் கிளைத்துப் பிரியும், பழம் உருண்டை. அந்தப் பழம் நஞ்சு. ஊமத்தை இங்கே தானாகவே முளைக்கும்.

ஆமை வளர்ப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: படத்தை மட்டும் நம்பாதீர்கள். இலை, தண்டு, பால், பூ, காய் அனைத்தையும் பாருங்கள். பூக்கும்வரை ஆமை எட்டாத இடத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் பெயர் உறுதியாகவில்லை என்றால் அந்தச் செடியைக் கொல்லையில் விட்டுவைக்காதீர்கள். களைக்கொல்லி தெளித்த இடத்துப் புல்லையும் கொண்டுவந்து போடாதீர்கள்.