குறுவருகை இலக்கணம்: ஆய்க்குடி வழக்கு நோக்கிய ஓர் ஆய்வு

குறுவருகை என்பது, ஒருவர் தம் ஊரை விட்டுப் பிற நாடொன்றுக்குள் புகுந்து, உறவினரைக் கண்டும் ஊர் சுற்றியும் சில நாள் தங்கி, சம்பளத்துக்கு எந்த வேலையும் பார்க்காமல், சொன்ன கெடுவுக்குள் திரும்பிவிடுவது என வரையறுக்கப்படும். தென்காசி வட்டாரத்தார் இதனை 'விசிட்டில் போறது' என வழங்குவர். இதற்கு நுழைவிசைவு, அதாவது விசா, தேவையா, தேவையெனில் என்னென்ன தாள்களை இணைக்க வேண்டும் என்பதை அந்தந்த நாடுகள் ஓரிரு பக்கங்களில் தெளிவாகவே எழுதி வைத்துள்ளன. தெளிவாக இருப்பதற்கு உரை எதற்கு என்று கேட்பது தமிழ் உரைமரபை அறியாதார் கூற்று. விளங்காத நூலுக்கு ஓர் உரையும் விளங்கும் நூலுக்கு ஒன்பது உரையும் எழுந்துள்ளமை எந்த நூலகத்திலும் காணத்தக்கது.

இத்துறையில் ஆய்க்குடிக்குத் தனி உரிமை உண்டு. ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், புறநானூற்றில் தென்திசை ஆய்குடியைக் குறிப்பிடுகிறார். அந்த ஆய்குடி தென்காசிக்கு அருகிலுள்ள இந்த ஆய்க்குடியா, வேறா என்று வாதிட்டவர்கள் செலவழித்த தாளில், சோழநாட்டு உறையூரிலிருந்து புறப்பட்டுப் பாண்டிய நாட்டைக் கடந்து வேளிர் நாட்டுக்குள் நுழைந்த புலவர் கையில் என்ன ஆவணம் இருந்தது என்ற வினாவுக்கு ஒரு வரியும் ஒதுக்கப்படவில்லை. இன்றைய வழக்கின்படி அவருக்குப் பாண்டிய நாட்டைக் கடக்க இடைவழி விசா ஒன்றும், ஆய் நாட்டில் தங்க வருகை விசா ஒன்றும் வேண்டும். வருகையின் நோக்கம் என்னும் கட்டத்தில் 'பரிசில் பெறுதல்' என்று உண்மையை எழுதியிருந்தால், ஊதியம் பெறும் தொழிலுக்கு வருகிறார் எனக் கொண்டு விண்ணப்பம் தள்ளுபடியாகியிருக்கும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஆய், வந்தவர்க்கு யானைகளை வாரி வழங்கியவன் என்பதால், திரும்பும்போது சுங்கத்தில் அறிவிக்கத் தவறிய குற்றமும் சேர்ந்திருக்கும்.

நாடுகள், அவை கேட்கும் கோப்பின் பருமனைக் கொண்டு பகுக்கப்படும். நேபாளமும் பூட்டானும் இந்தியரிடம் விசா கேட்பதில்லை. எனவே ஆய்வுக்கு உதவா. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியரை 30 நாள் வரை விசா இன்றி விடத் தொடங்கியதால் அதன் உரைகாரர்கள் வேறு தொழிலுக்குப் போயினர். இலங்கை 2012 முதல் இணையவழிப் பயண அனுமதியைக் கொண்டது. சிங்கப்பூர், 14ஏ என்னும் படிவத்தோடு, அந்நாட்டில் இருக்கும் ஒருவர் 'இவரை அறிவேன்' என்று எழுதித் தரும் வி39ஏ என்னும் அறிமுகக் கடிதத்தையும் கேட்கும். இக்கடிதத்தைச் சிறப்புப் பாயிரம் என்று கொள்வதே பொருந்தும். உள்ளே இருப்பதைப் படிக்காமலே புகழ்ந்து கையெழுத்திடும் வசதி இரண்டுக்கும் பொது.

ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவான செங்கன் விசா, லக்சம்பர்க் நாட்டுச் செங்கன் என்னும் சிற்றூரில், மோசல் ஆற்றில் நின்ற கப்பலில் 1985 ஜூன் 14 அன்று கையெழுத்தான உடன்பாட்டின் பேரப்பிள்ளை. இது 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீட்டைக் கேட்பதோடு, எந்த நாளில் நின்று பின்னோக்கி எண்ணினாலும் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது என்றும் விதிக்கிறது. இக்கணக்கு பஞ்சாங்கம் பார்ப்பவருக்கு எளிது, பட்டதாரிகளுக்கு அரிது.

இந்நூல்களுக்கு ஆய்க்குடி வட்டாரத்தில் வழங்கும் உரைகள் மூன்று. முதலாவது கண்ணாடி உரை. இது ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில் உட்புறமாக ஒட்டப்பட்டிருப்பது, மேலே பீடிக் கம்பெனியின் விளம்பரம் ஒட்டப்பட்டதால் நான்காம் வரி சிதைந்தது. இரண்டாவது மாடிப்படி உரை. டிராவல்ஸ் அலுவலகத்துக்கு ஏறும் படிகளில் நின்றபடி, கட்டணம் செலுத்துமுன் பாதியும் செலுத்தியபின் மீதியுமாகக் கூறப்படுவது. மூன்றாவதும் மற்ற இரண்டையும் வெல்வதுமான மைத்துனர் உரை, முன்னொரு காலத்தில் ஒரே ஒருமுறை போய்வந்தவரால் வாய்மொழியாக அருளப்பட்டு, 'பலமுறை பகிரப்பட்டது' என்ற குறியோடு வாட்ஸ்அப் ஏடுகளில் நிலவுகிறது. ஏடு பெயர்த்தோர் பலராதலின் பாடபேதம் மிகுதி. மகளின் பேறுகாலத்துக்குப் போகும் தாய், நேர்காணலில் 'பேரப்பிள்ளையைப் பார்க்க' என்று சொல்லலாம், 'பார்த்துக்கொள்ள' என்று சொல்லலாகாது என்னும் நுட்பமான நூற்பா இவ்வுரையில் குரல்பதிவாகவே கிடைக்கிறது (மைத்துனர் உரை, இரண்டாம் குரல்பதிவு, பிற்பகுதி, இவ்விடத்தில் குக்கர் விசிலால் இரு சொற்கள் மறைந்துள்ளன, விசிலையே மூலபாடமாகக் கொள்வாரும் உளர்).

இனி, இவ்வாய்வின் உயிர்நிலையான பெயரியல். உலகின் படிவங்கள் யாவும் மனிதனுக்குக் குடும்பப் பெயர் ஒன்றும் தன் பெயர் ஒன்றும் இருந்தே தீரும் என்ற நம்பிக்கையில் அச்சிடப்பட்டவை. தமிழனுக்கோ தன் பெயர் ஒன்றும், தகப்பன் பெயரின் முதலெழுத்தும், அதனருகில் ஒரு புள்ளியுமே உள்ளன. பழைய உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்ட சாத்தனையும் கொற்றனையுமே இங்கும் கொள்ளலாம். கொற்றன் மகன் சாத்தன், பள்ளிச் சான்றிதழில் கொ. சாத்தன், ஆதாரில் சாத்தன் கொ, குடும்ப அட்டையில் சாத்தான். இவர் திருநெல்வேலியில் உள்ள பாஸ்போர்ட் சேவை மையத்துக்குச் செல்லும்போது, புள்ளியை எந்தக் கட்டத்தில் இடுவது என்பதில் கருத்து வேறுபாடு எழுகிறது.

ஒரு சாரார், குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுத் தன் பெயரை மட்டும் எழுதுக என்பர். இவ்வழி சென்ற சாத்தனுக்கு அமெரிக்க விசா கிடைத்தால், அதில் சாத்தன் என்பது குடும்பப் பெயராகவும், தன் பெயர்க் கட்டத்தில் எஃப்என்யூ என்ற மூன்றெழுத்தும் இருக்கும். இவை முதற்பெயர் அறியப்படவில்லை என்பதன் குறுக்கம். சொந்தப் பெயரே இல்லாதவர் என்று அரசு முத்திரையோடு சான்று பெற்ற சாத்தன், அங்கே மருத்துவமனையிலும் வங்கியிலும் 'ஃப்நூ' என்று விளிக்கப்படுவார். இவ்வழியே துபாய் செல்வோர்க்கு இடர் இன்னும் பெரிது. 2022 நவம்பர் 21 முதல், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர் வருகை விசாவில் ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் அனுமதிக்கப்படார் என விமான நிறுவனங்கள் அறிவிக்க, தமிழ்நாட்டில் பலர் தம் தகப்பனாரைப் புதிதாக மதிக்கத் தொடங்கினர்; சில நாளில், கடவுச்சீட்டின் இரண்டாம் விவரப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்ற விளக்கமும் வந்தது.

மற்றொரு சாரார், தலைப்பெழுத்தை விரித்துக் கொற்றன் என்பதைக் குடும்பப் பெயராக்குக என்பர். இதன் விளைவாக, மகன் சாத்தன் விமானத்தில் ஏறினாலும் பயணச்சீட்டிலும் அழைப்பிலும் விருந்தோம்பலிலும் முன்நிற்பவர் கொற்றனே. வாழ்நாளில் செங்கோட்டைக்கு அப்பால் போகாத கொற்றனை மூன்று கண்டங்கள் பெயர் சொல்லி வரவேற்கின்றன. சாத்தனின் மனைவிக்குத் திருமணத்துக்கு முன் தகப்பன் எழுத்து, பின்பு கணவன் எழுத்து. ஆகவே கணவனுக்கு ஒரு குடும்பப் பெயரும் மனைவிக்கும் மகளுக்கும் வேறொன்றும் அமைந்து, இவர்கள் ஒரே குடும்பம் என்பதற்குத் தனிச் சான்று தேவைப்படுகிறது. ஆய்க்குடிக் கோயிலில் உறையும் பாலசுப்பிரமணியசுவாமியே விண்ணப்பித்தாலும், தந்தையின் ஆயிரம் நாமங்களுள் எதைக் கட்டத்தில் நிரப்புவது என்ற வினா தீராது (இதனை முழுதும் விவாதிப்பது மாடிப்படி உரை, கீழிருந்து ஏழாம் படி, எட்டாம் படியில் இதற்கு மறுப்பும், மொட்டைமாடியில் மறுப்புக்கு மறுப்பும் உள).

கொ. சாத்தனும் சாத்தன் கொற்றனும் ஒருவரே என்பதைக் கடைசியில் நோட்டரி ஒருவர் முத்திரைத்தாளில் உறுதிசெய்கிறார். ஔவையார் எத்தனை பேர், நக்கீரர் எத்தனை பேர் என்று தலைமுறை தலைமுறையாக முடிவுறாத சிக்கல்களை உடையது தமிழ்ப் புலமை உலகம். ஒரே பெயருடையோரைப் பலராகப் பிரிப்பதில் பல்கலைக்கழகங்கள் காட்டிய ஊக்கத்தை விட, பல பெயருடையோரை ஒருவராக்குவதில் தென்காசி நீதிமன்ற வாசலில் தட்டச்சுப் பொறியோடு அமர்ந்திருப்பவர் காட்டும் விரைவு பெரிது. அவர் இதற்கு ஆய்வு நல்கை எதுவும் பெறுவதில்லை.

புகைப்படம் பற்றிச் சுருங்கக் கூறின், அமெரிக்கா கேட்பது இரண்டு அங்குலச் சதுரம், செங்கன் நாடுகள் கேட்பது 35 மில்லிமீட்டருக்கு 45. இரண்டிலும் சிரிப்பு கூடாது. அமெரிக்கப் படத்தில் 2016 நவம்பர் முதல் மூக்குக்கண்ணாடியும் விலக்கப்பட்டது. விபூதி பற்றி மூலநூல்கள் மௌனம் சாதிப்பதால், கண்ணாடி உரை அதை அழிக்கச் சொல்கிறது. அழித்தவர்களைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை என்பது கள ஆய்வில் புலனாயிற்று.

எஞ்சியது நோக்கவியல். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, வருகை விசா கேட்பவர் யாராயினும், அங்கேயே தங்கிவிடும் எண்ணம் உடையவர் என்றே முதலில் கொள்ளும். அப்படி இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை கேட்பவருடையது. எனவே சாத்தன், தாம் திரும்பி வருவதற்கு ஆய்க்குடியில் வேர் இருக்கிறது என்பதைக் காட்டத் தென்னந்தோப்பின் பட்டா, சிட்டா, வீட்டு வரி ரசீது, வங்கிக் கணக்கு, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை ஆகியவற்றைத் திரட்டுகிறார். பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருப்பதால், ஊருக்குத் திரும்பும் உறுதி காலமானவருக்கே மிகுதி என்று தெரியவருகிறது. கோப்போடு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி, சென்னையில் ஒருநாள் கைரேகை கொடுத்து, மறுநாள் ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்தில் வரிசையில் நின்று சாளரத்தை அடைந்தால், அதிகாரி இரண்டு மூன்று கேள்விகளோடு முடித்துவிடுவதும், கோப்பைத் தொடாமலே அனுப்புவதும் சாதாரணம். உரையாசிரியர் மூவரும் இதனால் சிறிதும் கலங்குவதில்லை. மூலநூலாசிரியர் படிக்காதது உரையின் குறையாகாது என்பது அவர்களது துணிபு.

மறுதலையாக, அயல்நாட்டார் குற்றாலம் வரும் வழக்கும் உண்டு. இந்தியா 2014 நவம்பர் முதல் இணையவழிச் சுற்றுலா விசாவை நடைமுறைப்படுத்தியது. குற்றாலத்து விடுதிக்காரர், தங்க வந்த வெளிநாட்டவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அதற்குப்பின் பேரருவிக்குச் செல்பவரை உள்ளூரார், அயலார் என்று பிரிக்காமல் ஆளும் விதி ஒன்றே: பாதுகாப்பு வளைவைத் தாண்டி வெள்ளம் கொட்டினால் குளிக்கத் தடை, தணிந்தால் அனுமதி. காவலர் விசில் ஊதுகிறார். காரணம் எல்லார் கண்ணெதிரே விழுந்துகொண்டிருக்கிறது. தடைக்கு உரை எழுத ஒருவரும் முன்வரவில்லை. 214(பி) பிரிவின்படி மறுக்கப்பட்டவர் கையில் கிடைப்பதோ அனைவருக்கும் பொதுவாக அச்சிட்ட ஒரு தாள். அமெரிக்க வருகை விசாவின் விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் 17 முதல் 185 டாலர்; விசா மறுக்கப்பட்டாலும் அது திருப்பித் தரப்படுவதில்லை.