உறை களைதல்: திருவரங்கத் தீவில் புற வன்தட்டுகள் அகம் புகுவது குறித்து ஓர் ஆய்வு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள திருவரங்கத் தீவில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது அயல்நாட்டில் இருப்பதாகக் கொள்வது ஆய்வு வசதிக்காகவே. அப்பிள்ளை விடுமுறைக்கு வரும்போது சுமந்து வரும் பாதாமும் சாக்லேட்டும் மாதத்துக்குள் தீர்ந்துவிடும். தீராமல் எஞ்சுவது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். கல்யாண வீடியோ, சீமந்தம், ஆயுஷ்ஹோமம், நயாகரா முன்னால் ஸ்வெட்டரோடு நிற்கும் அப்பா எல்லாம் அதற்குள் வாசம். சில வருஷத்தில் அதன் அடாப்டர் தொலையும். அல்லது கரண்ட் போய்த் திரும்பி வரும் வேகத்தில் புகையும். அப்போது கீழ உத்தர வீதியானாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தில்லை நகரானாலும் எழும் கேள்வி ஒன்றுதான்: "இதைப் பிரிச்சு சிபியுவுக்குள்ளயே வெச்சுட்டா என்ன?"

எழுத்தாளர் சுஜாதா வளர்ந்த ஊரில் இக்கேள்விக்கு முறையான ஒரு வியாக்கியானம் இல்லாதது குறையே.

முதலில் பூர்வபட்சம். எக்ஸ்டர்னல் வேறு ஜாதி, இன்டர்னல் வேறு ஜாதி. ஒன்று மற்றொன்றாகாது என்பர் சிலர். இதை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் மறுக்கலாம். மேஜை மேல் வைக்கும் பெரிய பெட்டி எதைப் பிளந்தாலும் உள்ளே இருப்பது கம்ப்யூட்டரில் இருக்கும் அதே 3.5 அங்குல டிஸ்க். ஓரத்தில், யுஎஸ்பியை டிஸ்க்கின் பாஷையான சாட்டாவாக மொழிபெயர்க்கும் விரலளவு போர்டு ஒன்று ஒட்டியிருக்கும். அந்தப் போர்டையும் பிளாஸ்டிக் சட்டையையும் நீக்கினால் பேதம் தீர்ந்தது.

இதற்கு உலகச் சான்றும் உண்டு. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் புகுந்து டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. உலகெங்கும் தனி டிஸ்க் விலை எகிறியது. பெட்டியில் அடைத்த எக்ஸ்டர்னல் மட்டும் கடைகளில் அதைவிட மலிவாகக் கிடைத்தது. அமெரிக்காவில் பேக்அப் சேவை நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனத்தார், ஆளுக்கு இரண்டுக்கு மேல் தரமாட்டோம் என்று கடைகள் கையை விரித்தபோது, உறவினர் நண்பர்களையும் வரிசையில் நிறுத்தி வாங்கிக் குவித்து, உடைத்து, உள்ளிருந்ததைத் தங்கள் சர்வர்களில் ஏற்றினார்கள். ரேஷன் கடை வரிசையில் பாட்டியையும் நிறுத்தத் தெரிந்த நமக்கு இதில் கற்க ஒன்றுமில்லை.

ஸ்ரீரங்கத்தில் எந்த விவாதமும் இரு கட்சியாகப் பிரியாமல் இராது, இதுவும் பிரிந்தது. ஒரு சாரார் தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியின் நியாயத்தார். காலாவதியான ஏடிஎம் கார்டைப் பெட்டியின் இடுக்கில் செருகி, உள்ளிருக்கும் கொக்கிகளை ஒவ்வொன்றாக நெம்பி, தம் முயற்சியால் வீடுபேறு அடைபவர்கள். மறு சாரார் பூனைக்குட்டி நியாயத்தார். பெட்டியை மஞ்சப்பையில் போட்டுக் கடைக்காரப் பையனிடம் சரணாகதி செய்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார்கள். "சார், டேட்டா போச்சுன்னா நாங்க பொறுப்பில்ல" என்பது அங்கே ஓதப்படும் சரம சுலோகம். இரு கட்சிக்கும் வாரண்டி போவது மட்டும் பொது.

இனி தடைகள். முதலாவது, உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய எக்ஸ்டர்னல்கள். இவற்றில் சீகேட் பெரும்பாலும் சமர்த்து. உள்ளே சாட்டா வாய் இருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வகைகள் பலவற்றில் டிஸ்க்கின் போர்டிலேயே யுஎஸ்பி வாயைப் பற்றவைத்திருப்பார்கள். பிரித்த பிறகுதான் கேபிள் செருக இடமில்லை என்பது தெரியும். அவர்கள் பிறவிப் புறத்தார், அகம் புகார்.

இரண்டாவது தடை நுட்பமானது. அதே வெஸ்டர்ன் டிஜிட்டலின் மேஜைப் பெட்டியான மை புக் வகைகள் பலவற்றில், நாம் பாஸ்வேர்டு எதுவும் வைக்காவிட்டாலும், அந்த விரலளவு போர்டு எல்லாவற்றையும் பூட்டித்தான் எழுதும். சாவி போர்டிடம். டிஸ்க்கை மட்டும் கழற்றி சிபியுவில் மாட்டினால் விண்டோஸுக்கு ஓர் எழுத்தும் புரியாது. ஃபார்மட் செய்யவா என்று பணிவாகக் கேட்கும். அந்தப் பணிவுக்குத் தலையசைத்து மறைந்த கல்யாண வீடியோக்கள் ஏராளம்.

மூன்றாவது தடை மூன்றாவது பின். 2016-இல் வந்த சாட்டா 3.3 விதிப்படி, மின் இணைப்பின் மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் எழுந்திருக்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் டிஸ்க் ஓடும் டேட்டா சென்டரில், தொங்கிப்போன ஒன்றை எட்ட இருந்தே அணைத்துப் போட அமைத்த வசதி. பிளக்கைக் கையால் பிடுங்கும் ஊரில் இது எதற்கு என்று கேட்கலாம். ஆனால் சிபியுவுக்கு மின்சாரம் தரும் நம் பழைய எஸ்எம்பிஎஸ் அந்தப் பின்னில் 3.3 வோல்ட்டை இடைவிடாது ஊட்டும். புதுப் பெட்டியிலிருந்து வந்த, அவ்வசதி உள்ள டிஸ்க் செத்ததுபோல் கிடக்கும். மொபைல் சர்வீஸ் கடைகளில் புழங்கும் சூடு தாங்கும் மஞ்சள் டேப்பில் ஒரு நூல் அகலம் வெட்டி அந்தப் பின்னை மூடினால் உயிர்த்தெழும். செத்தது என்று தூக்கிப் போடுமுன் இதைச் செய்து பார்ப்பது உத்தமம்.

உள்ளே வைப்பதில் நன்மையும் உண்டு. சித்திரை வெயிலில், காற்றுப் புகாத பெட்டியில் வேகும் டிஸ்க் சிபியுவின் ஃபேன் காற்றில் ஆசுவாசம் பெறும். 60 டிகிரி வரைதான் தாங்கும் என்பது தயாரிப்பாளர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அறை வெப்பமே நாற்பதைத் தொடும் திருச்சியில் இது அற்ப விஷயமன்று.

ஆனாலும் சித்தாந்தம் வேறு. அபசாரம் பொறுத்தருள்க: 1323-இல் டெல்லிப் படை நெருங்கியபோது திருவரங்கத்துப் பெரியவர்கள் மூலவரின் முன் சுவர் எழுப்பி மறைத்தார்கள் என்கிறது மரபு, உற்சவரைப் பிள்ளை லோகாசாரியார் முதலானோர் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வெளியேறினார்கள். திருமலை, செஞ்சி என்றெல்லாம் தங்கி 1371-இல் உற்சவரான நம்பெருமாள் திரும்பினார். பெயர்க்க முடியாததை மறை, பெயர்க்கக்கூடியதை வெளியே அனுப்பு என்ற தெளிவு இந்த ஊருக்கு ஏழு நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. இன்றைய வீடுகளோ கையால் தூக்கக்கூடிய ஒரே பிரதியையும் சிபியுவுக்குள் ஏளப் பண்ணிவிட்டு, "ரெண்டு ரெண்டா எதுக்கு, இடம் அடைக்கறது" என்று பழையதை அழித்துவிடுகின்றன. அழிக்காமல் இரண்டையும் உள்ளேயே வைத்திருந்தாலும், ஓர் எஸ்எம்பிஎஸ் வெடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும் என்பது வேறு.

ஆகவே சினிமாவும் சீரியலும் தாராளமாக அகம் புகலாம். கல்யாண வீடியோவுக்கும் பத்திர ஸ்கேனுக்கும் வீதியுலாத் தகுதி பறிபோகக் கூடாது. உறையைக் குப்பையில் போட வேண்டாம். சிறிய சீகேட் பெட்டியானால், மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பின் டிஸ்க்கை அதில் செருகி வெளிப் பிரதி ஒன்று உண்டாக்கிவிடலாம். அதை ஸ்ரீரங்கத்துக்கு வெளியே வைப்பதே முறை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து சம்பந்தி வீடு கூப்பிடு தூரம். கல்யாண வீடியோவில் அவர்களுக்கும் பாத்தியதை உண்டு. எந்தப் பக்கத்து மனிதர்கள் எத்தனை நிமிஷம் தெரிகிறார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களா என்பது மேலாய்வுக்குரியது. அதற்கு வழிகாட்டியாக இருக்க எந்தப் பேராசிரியரும் சம்மதிக்கமாட்டார்.