கருந்திரை வாதம்: பரபக்கமும் சுபக்கமும்

ஆய்வுப் பொருள்

வீட்டில் இருந்தபடி அலுவலகக் கணினிக்குள் நுழையும்போது, கடவுச்சொல் ஏற்கப்பட்டு, 'வெல்கம்' தோன்றி மறைந்து, அதன்பின் ஒன்றுமே தோன்றாமல் நிற்கும் நிலைக்குக் கருந்திரை என்று பெயர். காலை மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இது மிகுதியாகத் தோன்றும் என்பது உலக வழக்கு. காரணம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் ஒன்றே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. எனிடெஸ்க், டீம்வியூவர் முதலியன புறச்சமயங்கள். லினக்ஸில் ஓடும் எக்ஸ்.ஆர்.டி.பி. அதே நெறிமுறையைப் பேசுவதால் அகப்புறச்சமயம். இரண்டும் தனி நூல் வேண்டுபவை. எழுத முன்வருவோருக்கு இவ்வாய்வாளரின் அனுதாபங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் நெறி 1998இல் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்போடு வந்தது. 2001இல் எக்ஸ்.பி. புரொஃபெஷனல் வழியாக மேசைக் கணினிக்கு இறங்கியது. வாயில் எண் 3389. ஹோம் பதிப்புக்கு அன்றும் இன்றும் பாதிப் பேறுதான்: அதிலிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் அதற்குள் வர முடியாது. செட்டிங்ஸில் அந்தச் சுவிட்சைத் தேடித் தேடிக் கண் பூத்தவர்கள் பெரும்பாலும் ஹோம் பதிப்பினரே.

பரபக்கம்

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை முதலில் மறுத்துவிட்டுப் பிறகே தம் கொள்கையை நிறுவினார். அம்முறையே இங்கும் பின்பற்றப்படுகிறது; பொருள் சிறிதாயினும் முறை பெரிது.

முதலாவது, 'நெட் ஸ்லோ' வாதிகள். எதற்கும் மோடத்தைப் பிடுங்கிச் சொருகுவது இவர்களது சடங்கு. மறுப்பு எளிது. இணைப்பு உண்மையிலேயே அறுந்தால் நிரல் அதை மறைப்பதில்லை. திரை மங்கி, மீண்டும் இணைக்க முயல்வதாகப் பெட்டி ஒன்று வந்து, 20 முறை வரை எண்ணிக்கொண்டே முயலும். அந்தப் பெட்டி வராமல் திரை கறுத்திருந்தால் மோடத்தின் மேல் பழி போடுவது முறையன்று.

இரண்டாவது, மறுதொடக்க வாதிகள். ஹெல்ப்டெஸ்க் முழுவதும் இவர்கள் கையில். "சார், ஒருவாட்டி ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பது இவர்களது மூல மந்திரம். எந்தக் கணினியை என்று கேட்டால் மௌனம் நிலவும். வீட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்தால் அலுவலகத்தில் திறந்திருக்கும் அமர்வு அப்படியே இருக்கும்; திரும்பிப் போனால் அதே கருமை. அலுவலகக் கணினியை ரீஸ்டார்ட் செய்யக் கை எட்டினால் இந்த ஃபோனே வேண்டியதில்லை. இவ்வாறு மடக்கப்பட்டாலும் இவர்கள் தோற்பதில்லை. "ஒரு டிக்கெட் ரெய்ஸ் பண்ணிடுங்க சார்" என்று வாதத்தையே முடித்துவிடுவர்.

மூன்றாவது, அம்புக்குறி வாதிகள். இவர்கள் நுட்பமானவர்கள்; காட்சி, கருதல், உரை என்ற அளவைகளில் கருதலைக் கைக்கொள்வர். புகை கண்டு நெருப்பு உண்டென்பது போல, கறுத்த திரையில் மவுஸின் அம்பு ஓடுவதால் அப்பால் கணினி உயிரோடு இருக்கிறது என்பர். இவ்வாய்வாளருக்கும் இவ்வாதத்தின் மேல் ஒரு மயக்கம் உண்டு. ஆனால் மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை ஏதுப்போலி (காரணம்போல் தோன்றும் போலிக் காரணம்) என்று எச்சரிப்பது இவ்வகையைத்தான். அந்த அம்பு அலுவலகத்திலிருந்து படமாக வருவதன்று. அதன் வடிவத்தை மட்டும் அங்கிருந்து வாங்கி, வீட்டுக் கணினியே அதை வரைந்து ஓட்டுகிறது. அப்பால் கணினி மூர்ச்சித்துக் கிடந்தாலும் அம்பு உலாவும்.

சுபக்கம்

இணைப்பு வேறு, காட்சி வேறு என்பதே சித்தாந்தம். அலுவலக மேசையில் இருக்கும் மானிட்டரைப் படம் பிடித்து அனுப்புவதன்று ரிமோட் டெஸ்க்டாப்; நாம் நுழைந்ததும் நமக்கெனத் தனித் திரை ஒன்றைக் கணினி தன்னுள்ளே அமைத்துக்கொள்கிறது. அதனால்தான் நாம் வீட்டில் எக்செல்லோடு மல்லுக்கட்டும்போது அங்கே மானிட்டரில் லாக் ஸ்கிரீன் மட்டும் தெரியும். அவ்வழியே டீ எடுத்துப்போகும் மேலாளர் அதைப் பார்த்து என்ன கருதுகிறார் என்பதும் ஏதுப்போலியே.

எனவே, கருந்திரை கண்டவர் செய்யவேண்டிய முதற்சோதனை கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துவது. 'டெலீட்' அழுத்தினால் வீட்டுக் கணினிதான் குறுக்கே புகுந்து பதில் சொல்லும். 'எண்ட்' நேரே அப்பாலுக்குப் போகும். லாக், சைன் அவுட், டாஸ்க் மேனேஜர் என்ற பட்டியல் வந்துவிட்டால் கணினியும் இணைப்பும் நலம். டெஸ்க்டாப்பை வரைய வேண்டிய எக்ஸ்ப்ளோரர் மட்டும் எழவில்லை என்று பொருள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'ரன் நியூ டாஸ்க்'கில் எக்ஸ்ப்ளோரர் என்று தட்டினால் டாஸ்க்பார் மெல்ல எழுந்து வரும். அக்கணத்தில் ஏற்படும் பெருமிதத்தை வீட்டார் யாரும் புரிந்துகொள்ளார்.

பட்டியலும் வரவில்லையெனில் குற்றம் படம் வரும் வழியில் இருக்கக்கூடும். 2012இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் இந்நெறி டி.சி.பி.யோடு யு.டி.பி.யையும் பயன்படுத்துகிறது. சில வி.பி.என்.கள் முன்னதை விட்டுப் பின்னதை விழுங்கும். அங்கே குரூப் பாலிசியில் யு.டி.பி.யை அணைத்தால் கண் திறக்கும். எக்ஸ்பீரியன்ஸ் தாவலில் 'பெர்சிஸ்டென்ட் பிட்மேப் கேச்சிங்' என்ற டிக்கை எடுப்பதும் பலருக்குக் கைகொடுத்தது.

ஒழிபு

காட்சிப் பிழைகளில் எஞ்சியவை இரண்டு. 4கே லேப்டாப்பிலிருந்து பழைய சர்வருக்குப் போனால் எழுத்து எறும்பளவில் தெரிவது ஒன்று; 8.1க்கு முந்திய விண்டோஸ் நம் திரையின் அளவுவிகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வதில்லை. இரட்டை மானிட்டரில் விட்டு வந்த ஜன்னல் ஒற்றைத் திரையில் காணாமற்போவது மற்றொன்று. அதை டாஸ்க்பாரில் தொட்டு, முழுத்திரையில் ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தி, 'எம்' தட்டி, அம்பு விசையால் இழுத்து வருக.

இனி, எந்த அளவைக்கும் கட்டுப்படாத பிழை ஒன்று உண்டு. பவர் பட்டியலில் டிஸ்கனெக்டும் ஷட் டவுனும் அடுத்தடுத்து இருக்கின்றன. மாலை ஆறு மணி அசதியில் விரல் ஒரு வரி பிறழ்ந்தால், மறுநாள் காலை கருந்திரைகூடக் கிட்டாது. அப்போது வாதங்கள் அனைத்தும் வாட்ச்மேனிடம் சரணடையும்.

"அண்ணே, மூணாவது மாடி, ஜன்னலோர சீட்டு. பவர் பட்டனை ஒருவாட்டி அமுக்கிடுங்கண்ணே."

"அமுக்கிட்டேன் சார். லைட்டு எரியுது."

"அது மானிட்டர்ண்ணே. கீழ கறுப்பா ஒரு டப்பா இருக்கும் பாருங்க."

"கீழ ரெண்டு டப்பா இருக்கே சார்?"

ஆகவே இவ்வாய்வின் பரிந்துரை: கடவுச்சொல்லை மனப்பாடம் செய்யுங்கள், செய்யாமற் போங்கள், அலுவலக வாட்ச்மேனின் ஃபோன் நம்பரை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு அவருக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸும் கொடுத்துவிடுங்கள்.