நூல் பிடித்துப் பார்த்தால்

ஓய்வுபெற்ற சர்வேயரின் கையில் விமான டிக்கெட்டைக் கொடுக்கக் கூடாது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மகன் அனுப்பிய டிக்கெட்டில், டெல்லியில் ஏறினால் சுமார் பதினாறு மணி நேரம் என்று போட்டிருந்தது. தூரத்தைக் காணோம். அளவு போடாத காகிதத்தை அவர் சர்வீஸில் ஏற்றுக்கொண்டதே இல்லை. சுவரில் தொங்கிய உலக வரைபடத்தில் ஸ்கேலை வைத்தார். கோடு ஈரான், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் எல்லாம் தாண்டி, அமெரிக்காவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது.

பக்கத்து வீட்டுப் பையன் சும்மா இருந்திருக்கலாம். உலக உருண்டையோடு வந்துவிட்டான். அதில் நூல் பிடித்தால் வழியே வேறு: சைபீரியாவுக்கு ஏறி, வட துருவப் பிரதேசத்தைத் தொட்டு, கனடா வழியாக இறங்குகிறது; ஏறக்குறைய 12,400 கி.மீ. உருண்டையைத் தட்டையாக விரித்தால் வடக்குப் பக்கம் உப்பிவிடும். ஸ்கேல் சொன்ன நேர்கோடு உண்மையில் சுற்றுவழி.

“வட துருவமா? ஸ்வெட்டர் ரெண்டா எடுத்துக்கட்டுமா?” என்றார் மனைவி.

ஆனால் நூல் காட்டும் வழியில்தான் போகவேண்டும் என்று விமானத்துக்குக் கட்டாயமில்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கம் விடாமல், கிழக்கே பசிபிக் வழியாக விட்டது. மொத்தம் 15,300 கி.மீ.; பழைய அட்லாண்டிக் வழியைவிட 1,400 கி.மீ. அதிகம். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் லாபம். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். எதிர்த்துப் போகிறவனிடம் அதே காற்று வட்டியோடு வசூலித்துவிடும். பின்னாலிருந்து தள்ளினால் கொண்டாட்டம்தான்: 2020 பிப்ரவரியில் சியாரா புயல் தள்ளிய தள்ளலில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்திறங்கியது.

கடிகாரக் கணக்கு இன்னும் மோசம். கோடையில் டெல்லி நேரம் சான் பிரான்சிஸ்கோவைவிடப் பன்னிரண்டரை மணி முன்னால். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பிப் பதினாலரை மணி நேரம் பறந்தால், அங்கே இறங்கும்போது அதே நாள் காலை 6.

“ரெண்டு மணி நேரத்துல அமெரிக்காவா? சென்னையிலேர்ந்து மதுரைக்கே பஸ்ல ஒரு ராத்திரி ஆகுது!” மனைவி இந்தக் கணக்கை நம்பவில்லை.

கடைசியாக, மகனுக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்த டிராவல்ஸ் பையனுக்குப் போன் போட்டார் பெரியவர். அந்தப் பதினாறு மணி முழுக்கப் பறப்பதற்கில்லை என்றான் அவன். விமானம் இங்கே ஏர்போர்ட் வாசலை விட்டு நகர்வதிலிருந்து அங்கே ஏர்போர்ட் வாசலில் நிற்கும்வரை எல்லாம் சேர்த்தி. ‘லேட்’ என்ற பேர் வராமலிருக்கக் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியும் போட்டுவைக்கும்.

பெரியவர் முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது. “புரியுது தம்பி. பட்டா நிலத்தோட புறம்போக்கையும் சேர்த்து எழுதியிருக்காங்க.”