விசில் யாரிடம்?

தனியறையில் ஒருவர் கட்டளையிட, துணை விரும்பிப் பணிகிறாராம். அடிமைப் புத்திதானே?
— வாசகர், ஜமுனாமரத்தூர்

போளூரிலிருந்து உங்கள் மலைக்கு ஏறும் பஸ்ஸில் ஸ்டியரிங் டிரைவர் கையில். ஆனால் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நின்றாக வேண்டும். இங்கே விசில் பணிபவரிடம்! இருவரும் முன்பே பேசிவைத்த ஒரு சொல்லை அவர் சொன்னதும் எல்லாம் நிற்கும். நாள் முழுக்க முடிவெடுத்துக் களைத்த மனசுக்கு, நம்பும் ஒருவரிடம் சற்று நேரம் பொறுப்பை இறக்கிவைப்பது பெரிய ஓய்வு. அடிமைக்கு ஏது விசில்?

ஆனாலும் இது மனநோய் இல்லையா?
— வாசகி, ஆலங்காயம்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் இதற்கு ‘மாசோகிசம்’ என்று பெயர் வைத்து நோயாக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற ஐ.சி.டி.-11 பட்டியலில், வயதுவந்த இருவர் சம்மதத்தோடு செய்வது நோய் அல்ல. பெயர் வைத்தவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். மனசு அப்படியேதான் இருக்கிறது.

எல்லாம் மேல்நாட்டுச் சரக்குதானே?
— வாசகர், காவலூர்

வாத்ஸ்யாயனர் எந்த மேல்நாடு? காமசூத்திரத்தில், கூடலின்போது அடிப்பதைப் பற்றியே ஓர் அத்தியாயம் உண்டு. அதிலேயே எச்சரிக்கையும் உண்டு: சோழ மன்னன் ஒருவன் வேகத்தில் அடித்த அடியில் சித்திரசேனை என்ற கணிகை இறந்துபோனாள்.

கேட்காமல் ஓங்கும் கை விளையாட்டு அல்ல, வன்முறை. அப்படி ஓங்கினால், பெண்கள் தயங்காமல் 181-ஐ அழையுங்கள்.